இடுக்கில் இருக்கும் வடிகால் பைப்பை வெட்டும் கம்பி ரம்பம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாஷ்பேசினுக்கு அடியிலோ, கழிப்பறைக் கோப்பைக்குப் பின்னாலோ, சுவர் மூலையை ஒட்டி இறங்கும் கழிவுநீர்ப் பைப்பில் ஒரு விரிசல். அந்தத் துண்டை வெட்டி எடுக்க வேண்டும். ஆனால் பைப்புக்கும் சுவருக்கும் நடுவில் சுண்டு விரல்கூட நுழையவில்லை. ஆக்சா பிளேடு சட்டத்தோடு உள்ளே போனால் இரண்டு பக்கமும் இடிக்கிறது. இப்படிப்பட்ட இடத்துக்கென்றே இருக்கும் கைக்கருவி கம்பி ரம்பம். அதைப் பற்றியும், அது உதவாத இடத்தில் வேறு எதை எடுப்பது என்பதைப் பற்றியும் வழக்கமாக வரும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள்.

கம்பி ரம்பம் என்பது என்ன? பார்க்க எப்படி இருக்கும்?

ஏமாந்துபோகும் அளவுக்குச் சாதாரணமாக இருக்கும். மெல்லிய எஃகு இழைகளை முறுக்கிப் பின்னிய ஒரு கம்பி, இரண்டு முனையிலும் ஒரு கைப்பிடி அல்லது வளையம், அவ்வளவுதான். சுருட்டினால் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். பைப்புக்குப் பின்னால் கம்பியைக் கொடுத்து, இரண்டு கைப்பிடியையும் மாறி மாறி இழுத்தால் பைப் அறுபடும்.

இந்த யோசனை பிளம்பிங்கில் பிறந்ததல்ல என்பது பலருக்குத் தெரியாது. இத்தாலிய மகப்பேறு மருத்துவர் லியோனார்டோ ஜிக்லி 1890களில் எலும்பை அறுக்க இதே மாதிரி ஒரு கம்பி ரம்பத்தை உருவாக்கினார். அவருக்கு இருந்த சிக்கலும் நம்முடையதுதான்: முன்பக்கம் மட்டும் கைக்கு எட்டும், பின்பக்கம் ரம்பம் போகாது. இன்றும் அறுவை அரங்குகளில் அது அவர் பெயரிலேயே இருக்கிறது.

பல்லே இல்லாத கம்பி பைப்பை எப்படி வெட்டுகிறது?

பாதி அராவுகிறது, பாதி உருக்குகிறது. முறுக்கிய இழைகளின் மேடுபள்ளம் பிளாஸ்டிக்கைச் சுரண்டும். கூடவே உராய்வில் சூடு ஏறும். பிவிசி சுமார் 80 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கிவிடும். வேகமாக நாலு இழுப்பு இழுத்தாலே அந்தச் சூடு வந்துவிடுகிறது. இளகிய பிளாஸ்டிக்கைக் கம்பி வாரிக்கொண்டு வெளியே வரும். வெட்டின இடத்தில் தூளோடு சேர்ந்து மெழுகு மாதிரி ஒரு வழிசலும் தெரிவது இதனால்தான்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பி அறுந்துபோவது, வெட்டு கோணுவது, பைப் கருகுவது என்று இந்தக் கருவியில் வரும் தொல்லைகள் முக்கால்வாசியும் சூட்டைப் புரிந்துகொள்ளாததால் வருபவை.

பைப்புக்குப் பின்னால் எவ்வளவு இடைவெளி வேண்டும்?

கம்பி போகிற அளவு. சில மில்லிமீட்டர் போதும். ஒரு சணலையோ கெட்டி நூலையோ பின்னால் விட்டு எடுத்துப் பாருங்கள். அது தடையில்லாமல் வந்தால் கம்பியும் வரும்.

கருவி வாங்கப் போகிறவர்கள் முதலில் பைப் எத்தனை அங்குலம் என்றுதான் சொல்வார்கள். இடுக்கு வேலையில் அது இரண்டாவது கேள்வி. பின்னால் எவ்வளவு இடம், பக்கவாட்டில் எவ்வளவு இடம் என்பதுதான் எந்தக் கருவி என்பதை முடிவு செய்யும். பைப் சுவரைத் தொட்டுக்கொண்டே இருந்தால், பக்கத்து கிளாம்ப் ஸ்க்ரூவைச் சற்றுத் தளர்த்தி, மெல்லிய மரச் சீவலைச் செருகினால் நூலளவு இடம் கிடைக்கும். பூச்சுக்குள் பாதி புதைந்திருந்தால் வேறு வழியில்லை, உளியால் அந்த இடத்தைக் கொத்தித்தான் ஆக வேண்டும்.

எந்தெந்தப் பைப்பை இதனால் வெட்டலாம்?

பிவிசி, சிபிவிசி, ஏபிஎஸ் என்ற மூன்று கெட்டிப் பிளாஸ்டிக் வகைகளும் நன்றாக அறுபடும். பாலிப்ரோப்பிலீன், பாலிஎத்திலீன் பைப்புகளில் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அவை மெழுகு மாதிரி உருகிக் கம்பியில் அப்பிக்கொள்ளும், வெட்டும் அசிங்கமாக வரும். அவற்றுக்குப் பல்லுள்ள ரம்பமே மேல். வார்ப்பிரும்பு, செம்பு, இரும்பு பைப்புகளில் கம்பியைப் போடவே வேண்டாம். அறுவது கம்பியாகத்தான் இருக்கும்.

எவ்வளவு பெரிய பைப் வரை?

வாஷ்பேசின் வடிகாலான 32, 40, 50 மி.மீ. பைப்புகள் ஓரிரு நிமிட வேலை. கழிப்பறை வடிகாலாகப் பல இடங்களில் போடப்படும் 110 மி.மீ. பைப்பையும் (பேச்சு வழக்கில் நாலு இஞ்ச் பைப்) வெட்டலாம். ஆனால் கம்பி நீளமாக இருக்க வேண்டும். 110 மி.மீ. பைப்பின் சுற்றளவு சுமார் 345 மி.மீ. அதில் பாதியைக் கம்பி எப்போதும் தழுவிக்கொண்டிருக்கும். அரை மீட்டர் கம்பி என்றால், அது போக இழுப்புக்கு மிஞ்சுவது ஒரு சாண் சொச்சம்தான். குட்டை இழுப்பு என்றால் சூடு ஒரே இடத்தில் ஏறும். பெரிய பைப்புக்கு முக்கால் மீட்டருக்குக் குறையாத கம்பியாகப் பாருங்கள்.

முதல் தடவை வெட்டப் போகிறேன். எங்கே தொடங்குவது?

தண்ணீரிலிருந்து. வீட்டில் இருக்கும் எல்லோரிடமும், மேல் தளத்தில் ஆள் இருந்தால் அவர்களிடமும், நீங்கள் சொல்லும்வரை குழாயைத் திறக்கவோ ஃப்ளஷ் இழுக்கவோ கூடாது என்று சொல்லிவிடுங்கள். இது சின்ன விஷயமாகத் தோன்றும். பைப் இரண்டு துண்டாகக் கிடக்கும் நேரத்தில் மேலிருந்து ஒரு ஃப்ளஷ் வந்தால் அப்படித் தோன்றாது. அடியில் ஒரு வாளி, பழைய துணி வைத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் காத்திருங்கள். உள்ளே தேங்கியது வடியட்டும்.

அடுத்து, பைப்பின் மேல்பகுதி எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று பாருங்கள். வெட்டினதும் அது கீழே இறங்கும் என்றால், முதலில் ஒரு கிளாம்ப் போட்டோ கட்டையை முட்டுக் கொடுத்தோ நிறுத்துங்கள்.

இப்போது குறி. நேரான விளிம்புள்ள ஒரு தாளை எடுத்துப் பைப்பைச் சுற்றிக் கட்டுங்கள். தாளின் விளிம்பு தன்மேல் சரியாகப் பொருந்தி வந்தால், அந்த விளிம்பை ஒட்டிப் போடும் கோடு நேர்கோணமாகத்தான் இருக்கும். பின்பக்கம் பென்சில் எட்டாது. பரவாயில்லை, தாளையே அப்படியே ஒட்டுப்பட்டையால் ஒட்டி விட்டுவிடுங்கள். இன்னும் நல்ல வழி, கோட்டை ஒட்டி ஒரு ஹோஸ் கிளிப்பை (ஸ்க்ரூவால் இறுக்கும் உலோகப் பட்டை வளையம்) முறுக்கிவிடுவது. கம்பி அதன் விளிம்பில் உராய்ந்துகொண்டே போகும், விலகாது.

கம்பியைப் பின்னால் நுழைக்கக் கைப்பிடியைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள். முடியாவிட்டால், பழைய மின்வயர் துண்டு ஒன்றை வளைத்துப் பின்னால் விட்டு, அதன் நுனியில் கம்பியைக் கட்டி இழுத்தால் வந்துவிடும்.

முதல் ஐந்தாறு இழுப்பு மெதுவாக. பள்ளம் விழ வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் கம்பியின் முழு நீளத்தையும் பயன்படுத்தி, நிதானமாக, ஒரே சீராக இழுங்கள். பலத்தைக் காட்ட வேண்டியதில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நீங்கள் உங்களை நோக்கி இழுப்பதால், கைக்கு எட்டாத பின்சுவர்தான் முதலில் அறுபடுகிறது. பிறகு இரண்டு பக்கமும். கடைசியில் கண்ணுக்கு நேராக இருக்கும் முன்பக்கம் ஒரு விரற்கடை அளவுக்கு மிஞ்சும். கம்பியிலேயே முடிக்கலாம், கோடு கோணியிருப்பது தெரிந்தால் அங்கே கம்பியை நிறுத்திவிட்டு ஆக்சா பிளேடால் முடிக்கலாம்.

கம்பி பாதியிலேயே அறுந்துவிடுகிறதே?

மூன்று காரணம் இருக்கலாம். குட்டை இழுப்பு முதலாவது. அதைச் சொல்லிவிட்டேன்.

இரண்டாவது, கைகளை நெருக்கமாக வைத்துக்கொண்டு இழுப்பது. இரண்டு கையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கம்பி பைப்பின் பின்பாதி முழுவதையும் இறுக்கிக்கொள்ளும். உராய்வு கூடும், சூடு கூடும், கம்பி வளையும் இடத்தில் இழைகள் ஒவ்வொன்றாக அறும். கைகளை அகட்டினால் கம்பி பைப்பைத் தழுவும் நீளம் குறையும், இழுப்பும் லேசாகும். கிணற்றுக் கயிற்றைத் தூணில் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றினால் எவ்வளவு இறுகும் என்று பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். மூலையில் இருக்கும் பைப்பில் கையை அகட்ட முடியாது என்பது உண்மைதான். அங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும். இருபது இழுப்புக்கு ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்குங்கள். கம்பிக்கும் அது ஆறும் நேரம்.

மூன்றாவது, ஏற்கெனவே மடிப்பு விழுந்த கம்பி. சுருட்டி வைக்கும்போது நெருக்கமாக மடித்திருந்தால் அந்த மடிப்பில்தான் அறும்.

கம்பி வெட்டுக்குள் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது.

மேலே இருக்கும் பைப்பின் பாரம் வெட்டை மூடிக் கம்பியை நசுக்கியிருக்கும். அல்லது இழுப்பதை நிறுத்தின நேரத்தில் உருகின பிளாஸ்டிக் ஆறிக் கம்பியைப் பிடித்திருக்கும். முதலாவது என்றால், மேல்பகுதியைத் தூக்கி முட்டுக் கொடுத்து, திறந்த வெட்டில் ஒரு மெல்லிய ஆப்பைச் செருகுங்கள். இரண்டாவது என்றால், ஒரு முனையை மட்டும் பிடித்துச் சுண்டி இழுங்கள். இரண்டு முனையையும் ஒருசேர இழுத்தால் இன்னும்தான் இறுகும்.

நைலான் கயிற்றாலேயே வெட்டலாம் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். கொத்தனார் மட்டம் பார்க்கக் கட்டும் பின்னல் நைலான் நூல் பிவிசி பைப்பை அறுத்துவிடும். ஆனால் அந்த நூலும் சூட்டில் உருகக்கூடியது. மெல்லிய பைப்புக்கு அவசரத்துக்குச் சரி. 110 மி.மீ. பைப்பில் நடுவழியில் அறுந்துபோனால் மறுபடி அதே பள்ளத்தில் நூலை உட்காரவைப்பது எரிச்சலான வேலை.

ஆக்சா பிளேடு இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

பின்னால் இரண்டு விரல் இடம் இருந்தால் எதற்கும் இல்லை. சட்டத்தைக் கழற்றிவிட்டு வெறும் பிளேடை எடுங்கள். ஒரு முனையில் துணியைச் சுற்றி ஒட்டுப்பட்டையால் இறுக்கிக் கைப்பிடி ஆக்குங்கள். இங்கே ஒரு நுணுக்கம்: சட்டத்தில் மாட்டும்போது பல் முன்பக்கம் பார்த்திருக்கும், தள்ளும்போது வெட்டும். வெறும் பிளேடைத் தள்ளினால் அது வளைந்து துள்ளும். அதனால் திருப்பிப் பிடியுங்கள், பல் உங்களைப் பார்க்கட்டும். இழுக்கும்போது பிளேடு தானாக நேராக நிற்கும்.

பல் கணக்கும் முக்கியம். பைப்பின் சுவரில் எந்த நேரமும் குறைந்தது மூன்று பல்லாவது பதிந்திருக்க வேண்டும் என்பது ரம்பக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. வடிகால் பைப்பின் சுவர் சுமார் 3 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்குலத்துக்கு 24 பல் உள்ள பிளேடில் ஒரு பல்லுக்கும் அடுத்ததுக்கும் ஒரு மில்லிமீட்டர் சொச்சம். கணக்குச் சரியாக வருகிறது. 18 பல் பிளேடு வேகமாக வெட்டும், ஆனால் மெல்லிய சுவரில் கடித்துக்கொண்டு குதிக்கும். 32 பல்லில் பிளாஸ்டிக் தூள் அடைத்துக்கொள்ளும்.

ராட்செட் கத்தரி வாங்கலாமா?

பிடியை அழுத்த அழுத்தக் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி வெட்டும் கத்தரி இது. கை நிறைய இடம் இருக்கும் தண்ணீர்ப் பைப்புக்கு அருமையான கருவி. வடிகாலுக்கு அவ்வளவாக இல்லை. வழக்கமாகக் கிடைப்பவை 42 அல்லது 63 மி.மீ. வரைதான் வாய் திறக்கும். வடிகால் பைப்பின் மெல்லிய சுவரை அது வெட்டுவதற்கு முன் நசுக்கும். வெயிலில் பல வருடம் கிடந்து மொரமொரப்பாகிவிட்ட பைப்பில் போட்டால் நீளவாக்கில் கீற்று விடும். பிறகு அந்தக் கீற்று முடியும் இடம்வரை வெட்ட வேண்டிவரும்.

பைப்பைச் சுற்றிச் சுழலும் சக்கரக் கட்டர்?

வெட்டின் தரத்தில் இதை எதுவும் மிஞ்சாது. துல்லியமான நேர்கோணம், தூள் இல்லை; சில வகைகள் வெளி விளிம்பைச் சரிவாகச் சீவியும் கொடுத்துவிடும். ஆனால் கருவியின் உடம்பு பைப்பைச் சுற்றி முழு வட்டம் போக வேண்டும். வளையம் மாதிரித் திறந்து பைப்பைக் கவ்வி, ராட்செட் பிடியால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பும் வகையும் உண்டு. அதற்கும் சுற்றிலும் ஒரு விரல் இடமாவது வேண்டும். இருந்தால் யோசிக்காமல் இதையே எடுங்கள்.

பைப் தரையோடு தரையாக முடிகிறது. வெளியே பிடிக்கவே எதுவும் இல்லை. எப்படி வெட்டுவது?

வெளியிலிருந்து முடியாது, உள்ளிருந்துதான். டிரில்லில் மாட்டும் உள்வெட்டுக் கட்டர் இதற்கென்றே இருக்கிறது: ஒரு தண்டு, நுனியில் சின்னப் பல் சக்கரம். பைப்புக்குள் வேண்டிய ஆழத்தில் இறக்கிச் சுற்றிவர வேண்டும். தண்டில் ஆழத்தைக் குறித்துக்கொள்ளாவிட்டால் வெட்டு படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கும்.

கையாலேயே செய்ய வேண்டும் என்றால் பொறுமை வேண்டும். சாக்கெட்டுக்குள் (பைப் நுழைந்து உட்காரும் அகன்ற வாய்) ஒட்டியிருக்கும் பைப் கட்டையை எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். துணி சுற்றிய ஆக்சா பிளேடால் பைப்பின் உள்சுவரில் மேலிருந்து கீழாக, இரண்டு விரல் அகலத்தில் இரண்டு கோடு அறுக்க வேண்டும். அதற்கு முன் உள்ளே துணியைத் திணித்துவிடுங்கள், தூளும் துண்டும் கீழே போகாது. ஆழம்தான் இதில் எல்லாமே: பைப்பின் சுவர் மட்டும் அறுபட வேண்டும், சாக்கெட் தப்ப வேண்டும். பைப்பும் சாக்கெட்டும் வேறு வேறு நிறமாக இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். தூளின் நிறம் மாறின உடனே நிறுத்திவிடலாம். ஒரே நிறமாக இருந்தால் நாலு இழுப்புக்கு ஒரு தடவை டார்ச் அடித்துப் பாருங்கள். ஒட்டு போட்ட இடம் ஒரு மெல்லிய கோடாகத் தெரியும். பிறகு தட்டைத் திருப்புளியை இரண்டு கோட்டுக்கும் நடுவில் வைத்து லேசாகத் தட்டினால் அந்தப் பட்டை பெயர்ந்து வரும். ஒரு பட்டை வந்துவிட்டால் மீதியை உள்பக்கமாக மடக்கி எடுப்பது சுலபம். சாக்கெட்டில் மெல்லிய கீறல் விழுந்தால் சொல்யூஷன் (பைப்பை ஒட்டும் பசை) அதை நிரப்பிவிடலாம். ஆழமாக அறுந்துவிட்டால் அங்கே கசியும், சாக்கெட்டையே மாற்ற வேண்டியதுதான்.

பழைய வார்ப்பிரும்பு வடிகால் பைப்பு என்றால்?

அதற்குச் சங்கிலிக் கட்டர். சங்கிலியின் கண்ணிகளில் சின்னச் சின்ன வெட்டுச் சக்கரங்கள் இருக்கும். பைப்பைச் சுற்றிப் போட்டு ராட்செட்டால் இறுக்க இறுக்க, சக்கரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் இரும்பில் பதியும். ஒரு கட்டத்தில் 'டக்' என்று பைப் வட்டமாக உடையும். அது வெட்டு இல்லை, அளவாக உடைப்பது. துரு தின்று சுவர் மெலிந்துபோன பைப்பு வட்டமாக உடையாமல் நொறுங்கும். பைப்பைச் சுத்தியலால் லேசாகத் தட்டும்போது ஓசை கணீரென்று இல்லாமல் மந்தமாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

எடையை மறக்க வேண்டாம். நாலு அங்குல வார்ப்பிரும்பு பைப்பு மீட்டருக்குச் சுமார் 10 கிலோ. மேலே இரண்டு தளத்துக்குப் பைப் ஏறுகிறது என்றால் உங்கள் தலைக்கு மேல் நிற்பது எத்தனை கிலோ என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அதைத் தாங்கும் கிளாம்ப் போடாமல் சங்கிலியைத் தொடக் கூடாது. அனுபவம் இல்லாதவர்கள் இந்த வேலையை பிளம்பரிடம் விடுவதில் வெட்கமில்லை.

பைப் சாம்பல் நிறத்தில், சிமெண்ட் மாதிரி இருக்கிறது. வெட்டலாமா?

வேண்டாம். பழைய கட்டடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமெண்ட் பைப்புகள் உண்டு. அறுத்தால் பறக்கும் இழைகள் நுரையீரலில் தங்கிப் பல வருடம் கழித்துப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். எந்தக் கருவியாலும் வெட்டாதீர்கள், உடைக்காதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் அகற்றப் பயிற்சி உள்ளவர்களைத்தான் கூப்பிட வேண்டும்.

மின்சார ரம்பம் இருந்தால் இன்னும் சுலபமில்லையா?

வேகம் உண்டு. ஆனால் முன்னும் பின்னும் ஓடும் ரம்பத்தின் பிளேடு பைப்பைத் தாண்டிப் பின்னால் நீளும். அங்கே சுவர் இருந்தால் குத்தி உதைக்கும், தண்ணீர்ப் பைப் இருந்தால் இரண்டு வேலை ஆகும். பிளேடு அதிரும் சின்ன மல்டி டூல் பரவாயில்லை, முன்பக்கமும் பக்கவாட்டும் நன்றாக வெட்டும், பின்பக்கம் எட்டாது. பின்பக்கத்தைக் கம்பியாலும் முன்பக்கத்தை அதனாலும் முடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஈரமான இடத்தில் கரண்ட் கருவி என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கம்பியைப் போடலாமா?

கூடாது. இந்தக் கருவியில் உண்மையான ஆபத்து இதுதான். கம்பி பைப்பை மட்டும் சுற்றியிருக்கிறதா, பக்கத்தில் ஓடும் மின்வயரையும் சேர்த்துச் சுற்றியிருக்கிறதா என்று முன்னால் இருந்து தெரியாது. கைபேசியை வீடியோவில் போட்டு, விளக்கை எரியவிட்டு, இடுக்கில் நீட்டி ஒரு சுற்று எடுத்துப் பாருங்கள். கம்பியை நுழைத்த பிறகு இன்னொரு தடவை. அரை நிமிட வேலை. வயர் தெரிந்தால் மெயினை அணைத்துவிட்டு, அதைத் தள்ளிக் கட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

புகை வருகிறது, மூக்கில் ஏறும் காரமான நெடி. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விடக் கூடாது. லேசான பிளாஸ்டிக் வாசனை இயல்பு. காரமான நெடியும் புகையும் வந்தால் பிவிசி சிதையும் சூட்டுக்குப் போய்விட்டது என்று பொருள். அப்போது வெளியாவது ஹைட்ரஜன் குளோரைடு, அமில வாயு. நிறுத்துங்கள், ஜன்னலைத் திறங்கள், ஆறவிட்டு மெதுவாக இழுங்கள். நிறுத்தின உடனே கம்பியை விரலால் தொட்டுப் பார்க்கும் ஆசை வரும், கொப்புளம் போடும்.

வெட்டின பைப்பிலிருந்து வரும் சாக்கடை வாயு ஆபத்தா?

அதில் ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீத்தேன் இரண்டும் இருக்கலாம். முதலாவது அழுகின முட்டை நாற்றம் அடிக்கும், அளவு அதிகமானால் மூக்கையே மரத்துப்போகச் செய்யும். நாற்றம் நின்றுவிட்டது என்பதற்காக வாயு போய்விட்டது என்று நினைக்கக் கூடாது. மீத்தேன் தீப்பிடிக்கும். காற்றோட்டம் வையுங்கள், தீக்குச்சி கிழிக்காதீர்கள், வெட்டின வாயில் உடனே துணியைத் திணியுங்கள். அந்தத் துணியில் ஒரு கயிற்றைக் கட்டி வெளியே விட்டுவையுங்கள். கயிறு கட்டாமல் திணித்த துணி வழுக்கி உள்ளே போய், மறுநாள் அடைப்பு எடுக்க ஆள் கூப்பிட்ட அனுபவம் எனக்கு உண்டு.

கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கம்பி வெளியே வரும்போது ஈரத் தூளைச் சுண்டி முகத்தில் அடிக்கும், அது எங்கிருந்து வந்த ஈரம் என்று சொல்ல வேண்டியதில்லை. எலி நடமாட்டம் உள்ள வடிகாலில் எலிக்காய்ச்சல் கிருமியும் இருக்கலாம். கையில் சிராய்ப்பு இருந்தால் மூடிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நீளம் வெட்டி எடுப்பது என்று எப்படிக் கணக்கிடுவது?

வெட்டுவதைவிட இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஒரு டீ (T வடிவ இணைப்பு) போடப் போகிறீர்கள், முனைக்கு முனை 230 மி.மீ. என்று வையுங்கள். 230 மி.மீ. வெட்டி எடுத்துவிட்டால் பைப் சாக்கெட்டுக்குள் போகவே போகாது. இரண்டு சாக்கெட்டும் ஆளுக்கு 50 மி.மீ. ஆழம் என்றால், வெட்ட வேண்டியது 130 மி.மீ.

சரி, 130 வெட்டிவிட்டோம். இப்போது டீயை எப்படி உள்ளே கொண்டுபோவது? மேல் பைப்பும் கீழ்ப் பைப்பும் அசையாது. டீயோ அந்த இடைவெளியைவிட 100 மி.மீ. நீளம். மேல் பைப்பைத் தூக்க முடிந்தால் தப்பித்தீர்கள். முடியாவிட்டால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வெட்டி, இடையில் ஒரு துண்டுப் பைப்பும், நடுவில் தடுப்பு இல்லாத ரிப்பேர் கப்ளரும் (இரண்டு பைப் முனைகளை இணைக்கும் குட்டைக் குழல்) போட வேண்டும். அந்தக் கப்ளர் முழுவதுமாகப் பைப்பின் மேல் ஏறிக்கொள்ளும், துண்டை வைத்ததும் கீழே இறக்கி இணைப்பின் நடுவில் நிறுத்தலாம். இரண்டு கிளிப் போட்ட ரப்பர் கப்ளரும் இதே வேலையைச் செய்யும். ஆகவே போடப்போகும் சாமானைக் கையில் வைத்துக்கொண்டு, தரையில் அடுக்கிப் பார்த்து, அதற்குப் பிறகு குறி போடுங்கள். அதோடு, மேல் வெட்டுக்கு மேலே கப்ளர் ஏறி நிற்க வெறும் பைப் மிச்சம் இருக்கிறதா என்றும் பாருங்கள். எல்போவை (வளைவு இணைப்பு) ஒட்டி வெட்டிவிட்டால் கப்ளருக்கு இடமில்லை.

வெட்டு கோணலாகிவிட்டது. மறுபடி வெட்ட வேண்டுமா?

ஒன்றிரண்டு மில்லிமீட்டர் என்றால் அரத்தால் சரிசெய்துவிடலாம். ரப்பர் கப்ளர் போடப்போகிறீர்கள் என்றால் இன்னும் கொஞ்சம்கூடப் பொறுத்துக்கொள்ளும். சொல்யூஷன் போட்டு ஒட்டும் சாக்கெட்டில் கோணல் அதிகமானால் ஒரு பக்கம் பைப் அடிவரை போகாமல் நிற்கும், உள்ளே பள்ளம் விழுந்து அழுக்கு தங்கும்.

பிசிறைக் கட்டாயம் எடுக்க வேண்டுமா? உள்ளே இருப்பது யாருக்குத் தெரியப்போகிறது?

தலைமுடிக்குத் தெரியும். உள்விளிம்பில் நிற்கும் ஒரு மெல்லிய பிசிறு முதல் முடியைப் பிடிக்கும், அது அடுத்ததைப் பிடிக்கும், பிறகு சோப்பு. கம்பி ரம்பத்தின் வெட்டில் உருகி உறைந்த வழிசலும் சேர்ந்து நிற்பதால் இதில் வேலை கொஞ்சம் அதிகம். உள்ளே கத்தியாலோ சுரண்டியாலோ, வெளியே அரத்தாலோ உப்புத்தாளாலோ எடுங்கள். ரப்பர் ரிங் உள்ள சாக்கெட் என்றால் வெளி விளிம்பைச் சுற்றிலும் சுமார் 15 டிகிரி சரிவாகச் சீவ வேண்டும், இல்லாவிட்டால் கூர்மையான விளிம்பு ரிங்கைத் தள்ளிக்கொண்டு போகும் அல்லது கீறிவிடும். ரப்பர் ரிங்குக்கு எண்ணெய் தடவாதீர்கள். சோப்புத் தண்ணீர் போதும்.

கம்பியை எத்தனை தடவை பயன்படுத்தலாம்?

எண்ணிக்கை சொல்ல முடியாது. சாணை பிடிக்கும் கருவி இல்லை இது. வேலை முடிந்து ஆறினதும் ஒட்டின பிளாஸ்டிக்கை நகத்தாலேயே உரிக்கலாம். பெரிய வட்டமாகச் சுருட்டி வையுங்கள். துணியால் நீவும்போது இழை குத்தித் துணி மாட்டினால், அடுத்த வேலைக்குப் புதுக் கம்பி எடுத்துக்கொள்ளுங்கள். பழையதைச் சின்னப் பைப்புக்கு வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். அந்தச் சின்னப் பைப்பு இடுக்கில் இருக்கும் நாளில்தான் அது அறும்.

எல்லாம் மாட்டியாயிற்று. கசிவு இல்லை என்று எப்படி உறுதி செய்வது?

சொல்யூஷன் டப்பாவில் போட்டிருக்கும் நேரம்வரை தண்ணீர் விடாதீர்கள். பிறகு இணைப்புகளைத் துடைத்துவிட்டு, ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு டிஷ்யூ பேப்பரைக் கட்டுங்கள். ஒரு வாளித் தண்ணீரை ஒரே வீச்சில் ஊற்றுங்கள். குழாயைத் திறந்துவிட்டால் வரும் ஒழுக்கு இணைப்பைச் சோதிக்காது. கைக்கு எட்டாத பின்பக்கத்தில் பேப்பர் நனைந்திருக்கிறதா என்று பார்க்க மறுபடி அதே கைபேசி வீடியோதான். பேப்பரை அப்படியே விட்டுவிட்டு, மறுநாள் காலை எல்லோரும் குளித்து முடித்த பிறகு இன்னொரு தடவை பாருங்கள்.